சிவப்பு ஏற்றிய முகம்

கலைச்செல்விக்குத் தன் அம்மாவின் முகத்தை வரைய ஐந்து மாதம் ஆனது. கறுப்பு ட்யூபை ஒருமுறைகூடத் திறக்கவில்லை. அரக்கும் கருநீலமும் கலந்து அடியில் பூசினார். காய்ந்தபின் அதன்மேல் தண்ணீராய்க் கரைத்த சிவப்பைப் பதினொரு தடவை ஓட்டினார். கடலைக்கொல்லையில் குனிந்திருந்தவர் நிமிரும்போது அம்மாவின் கன்னத்தில் உள்ளிருந்து தெரிகிற சிவப்பு அது. அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி இருண்டுவிடும் என்பதால் ஒவ்வொரு தடவையும் காயும்வரை உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை ஓட்டினார்.

அவருக்கு வயது முப்பத்தொன்பது. ஊர் சிங்கவரம். செஞ்சியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. நாள் முழுக்கச் சிறு குழாய்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற வேலை என்பதால், டியூப்லைட்டில் ஒரு நிறமும் ஜன்னலோரம் இன்னொரு நிறமும் தெரியும் என்பது அவருக்குப் பழகிய விஷயம். வரையக் கற்றது போனில் வீடியோ பார்த்து. வீட்டில் அரிசி டிரம்மின்மேல் பலகை போட்டால் அதுதான் மேசை.

இணையத்தில் நடக்கும் ஒரு ஓவியக் கண்காட்சிக்கு இரண்டு வருடமாக அனுப்பிக்கொண்டிருந்தார். முகங்களுக்கு மட்டுமான கண்காட்சி. ஓவியத்தை அனுப்ப வேண்டாம், போட்டோ போதும். ஆனால் போட்டோவில் நிறம் மாறியிருந்தால் எடுக்க மாட்டார்கள். முதல் வருடம் பிளாஷ் பட்டு, வரைந்த நெற்றியில் தோசை அளவுக்கு வெள்ளை. இரண்டாம் வருடம் அவருடைய போன், வரைந்த முகத்தை நிஜ முகம் என்று நினைத்துச் சுருக்கங்களையெல்லாம் வழித்துவிட்டது. இரண்டு முறையும் நிராகரித்தார்கள். நாற்பது வயது நிறைந்தவர்கள் அனுப்ப முடியாது. வரும் ஆடியில் அவருக்கு நாற்பது. இதுதான் கடைசி வாய்ப்பு. கெடு அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி.

அன்று மத்தியானம் ஸ்கூட்டியின் பின்னால் அம்மா சாமுண்டீஸ்வரி, பழைய கருநீலப் போர்வையில் சுற்றிய ஓவியத்தைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருக்க, நான் வேலை பார்க்கும் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். முதலாளி பிரசாந்த் கல்யாணப் படம் எடுப்பவர். அவர் கேமராவுக்கு சுற்றுவட்டாரத்தில் பேர் உண்டு.

"பின்னாடி ராஜகிரி வர மாதிரி வெச்சி எடுத்துடலாமா?" என்றார் பிரசாந்த்.

"ஓவியத்துக்கு எதுக்குணா மலை? நேரா எடுத்தா போதும்."

குடை விளக்குகளை இரண்டு பக்கமும் வைத்து எடுத்தார். கம்ப்யூட்டரில் வந்த முகம் சாம்பல் பூசியது போல் இருந்தது. கலைச்செல்வி நெருங்கிப் பார்த்தார்.

"செவப்பே வரலியேணா. கொஞ்சம் செவப்பு ஏத்துங்க."

"அவ்ளோதான? ஏத்திடலாம்."

அம்மாவுக்கு டீ வாங்கிவரக் கலைச்செல்வி கீழே இறங்கினார். பிரசாந்த் மவுசைப் பிடித்தார். எங்கள் கடைக்கு வரும் பத்தில் ஒன்பது பேர் சொல்லும் வார்த்தை அது. பெண்ணைக் கொஞ்சம் செவப்பாக்குங்க, பையன் மாநிறமா இருக்கான், ஏத்துங்க. பிரசாந்தின் கை தன்பாட்டில் போகிற இடத்துக்குப் போனது. பக்கத்தில் ஆல்பம் அடுக்கிக்கொண்டிருந்த எனக்கும் அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. தினமும் நடப்பதுதான்.

டீயோடு கலைச்செல்வி திரும்பியபோது திரையில் அவர் அம்மா எலுமிச்சை நிறத்தில் இருந்தார்.

"இன்னாணா இது?"

"செவப்பு ஏத்தச் சொன்னியேம்மா."

"நான் கலர சொன்னேன்ணா."

"நானும் கலராத்தான ஆக்கியிருக்கேன்!"

சாமுண்டீஸ்வரி டீயை வாங்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாடி கொற இதுக்கு? நல்லாதான இருக்குது. என்னப் பெத்தவ பாத்தாகூட அடையாளம் தெரியாது, அவ்ளோ நல்லா இருக்குது."

"அதான்ம்மா தப்பு."

"தம்பி கஷ்டப்பட்டு பண்ணிருக்குது. இதையே அனுப்பு. அவங்க இன்னா, சிங்கவரத்துக்கு பஸ் ஏறி வந்து என் மூஞ்சியப் பாக்கப் போறாங்களா?"

"பஸ் ஏறி வந்தவங்களும் இருந்தாங்களே, மறந்துட்டியா?" கலைச்செல்வியின் குரல் ஏறவில்லை. "என்னப் பொண்ணு பாக்க வந்த அவலூர்பேட்டைக்காரங்க. என் போட்டோவ இப்படித்தான் ஆக்கி அனுப்பின. வந்து பஜ்ஜி சாப்ட்டுட்டு, போட்டோல இருக்கிற பொண்ணு தங்கச்சியான்னு கேட்டுட்டுப் போனாங்க."

பிரசாந்த் மவுசிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். அவர் எடுத்த படம் இல்லை அது. ஆனாலும் எடுத்துக்கொண்டார். சாமுண்டீஸ்வரி டீயை வாங்கி இரண்டு மடக்கில் குடித்து முடித்தார்.

"சரி. இப்ப இன்னா பண்ணணும்?"

மணி மூன்றே முக்கால். மறுபடி எடுக்க வேண்டும், விளக்கில் நிறம் வேறு மாதிரி தெரியும், விளக்கு வேண்டாம், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் போதும் என்றார் கலைச்செல்வி. ஓவியத்தைத் தூக்கிக்கொண்டு மேலே போனோம். ஓவியத்தின்மேல் வார்னிஷ் பூசியிருந்ததால் வானம் அதில் மினுங்கியது. போர்வையைக் கேமராவுக்குப் பின்னால் தூக்கிப் பிடிக்கச் சொன்னார் கலைச்செல்வி. நானும் அவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தோம். மினுமினுப்பு போய்விட்டது.

"எல்லாம் சரி," என்றார் பிரசாந்த். "கீழ போயி கலர் வெக்கும்போது, எது கரெக்டுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? ஓவியத்த கீழ கொண்டுபோனா லைட்டுல வேற மாதிரி தெரியும்னு நீயே சொல்ற. ஜன்னலோரம் வெச்சா வார்னிஷ் மினுங்கும்."

கலைச்செல்வி அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, இங்க வா. ஓவியத்து பக்கத்துல கைய நீட்டு."

"எதுக்குடி?"

"நீட்டேன்."

சாமுண்டீஸ்வரி வளையலை முழங்கைக்கு ஏற்றிவிட்டு, ஓவியத்தின் விளிம்பை ஒட்டி, வரைந்த தன் கன்னத்துக்கு நேராகக் கையை நீட்டினார். காற்று வந்தால் ஓவியம் ஆடியது. அது நிற்கும்வரை பிரசாந்த் காத்திருந்தார். இப்படி ஏழெட்டுப் படம்.

"கை வலிக்குதுடி."

"ஆடாத."

"கடலை புடுங்கறப்பகூட இவ்ளோ வலிச்சதில்ல."

கீழே வந்து கம்ப்யூட்டரை ஜன்னல் பக்கம் திருப்பினோம். சாமுண்டீஸ்வரி திரையை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்து அதே கையை மேசைமேல் வைத்தார். திரையில் ஒரு கை, மேசையில் ஒரு கை. திரையில் இருக்கும் கை மேசையில் இருக்கும் கையைப் போல ஆகும்வரை பிரசாந்த் மவுசால் நிறத்தை நகர்த்தினார். லேபில் குழாயைப் பார்ப்பதுபோலக் கலைச்செல்வி ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

"மஞ்சள் ஜாஸ்தி... இன்னும் கொஞ்சம்... ஐயோ தாண்டிட்டீங்க. பின்னாடி வாங்க. நிறுத்துங்க."

கை சரியானதும் முகமும் சரியாகியிருந்தது. சாம்பல் போய், அரக்கின் உள்ளிருந்து கன்னத்தின் சிவப்பு வந்திருந்தது. பிரசாந்த் ஓவியத்தை ஜன்னலோரம் கொண்டுபோய் மினுங்காதபடி சாய்த்து ஒருமுறை பார்த்தார். திரும்பித் திரையைப் பார்த்தார்.

"இத்தினி வருசமா ஏத்தினதெல்லாம் வேற செவப்பு போல," என்று முனகினார்.

ஓவியத்தின் விளிம்பை ஒட்டி வெட்டிப் படத்தை அனுப்பினார்கள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டேயிருந்தது. நாலு ஐம்பத்திரண்டுக்குப் போய்ச் சேர்ந்தது. கிளம்பும்போது சாமுண்டீஸ்வரி பிரசாந்திடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, அந்த மொதல்ல பண்ணத அழிச்சிடாத. எனக்கு வாட்ஸப்ல போடு." கலைச்செல்வி காதில் அது விழுந்தது. ஓவியத்தில் போர்வையைச் சுற்றினார்.

மூன்று வாரம் கழித்து லேபுக்குப் போகும் வழியில் கலைச்செல்வி கடைக்கு வந்தார். இருபத்து நான்கு பேரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினார். பிரசாந்த் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அம்மா இன்னா சொன்னாங்க?" என்று கேட்டார்.

"சண்டை. ரெண்டு நாளா எங்கிட்ட பேசறதில்ல."

"ஏன், கறுப்பா இருக்குதுன்னு சொன்னாங்களா?"

"அதெல்லாம் இல்லணா. மூஞ்சிய ஒண்ணும் சொல்லல. மேலயும் கீழயும் தள்ளித் தள்ளித் தேடினாங்க. அவ்ளோ நேரம் நீட்டிகினு நின்னேன், என் கைய ஏன்டி வெட்டிட்டன்னு கேக்கறாங்க."