அம்மாவின் இடது காது

அம்மா முதலில் சொன்னது தலைசுற்றலைப் பற்றி அல்ல. இடது காதில் பஞ்சு அடைத்ததுபோல் இருக்கிறது, உள்ளே ஏதோ இரைகிறது என்றாள். எர்ணாகுளத்துக்கு எதிர்க்கரையில், மட்டாஞ்சேரியில், சுக்குக் குடோனில் வேலை செய்கிறவள். தூசி போயிருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

சில வாரங்கள் கழித்து, சுக்கு புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். குடோனிலிருந்து போன் வந்து நான் ஓடியபோது, கண்களை இறுக்கி மூடி ஒரு தூணைக் கட்டிப் பிடித்திருந்தாள்.

"தரை தண்ணியில போற போட்டு மாதிரி ஆடுதுடீ. நீ நடக்காதே, இன்னும் ஆடும்" என்றாள்.

காது கேளாமையும் சமநிலைக் கோளாறும்தான் என் ஆராய்ச்சி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இன்று எர்ணாகுளத்தில் ஒரு மருத்துவமனையில் முனைவர் பட்டத்துக்காக வேலை செய்கிறேன். இதை எங்கேயும் பெருமையாகவே சொல்வேன். தலைசுற்றுகிறவர்களை நிற்கவைத்து, நடக்கவைத்து, கண்களின் அசைவை அளப்பது என் அன்றாடம். ஆனால் அன்று அந்தத் தூணிலிருந்து அம்மாவின் விரல்களை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வாந்தி நின்று தரை அடங்குவதற்குள் மாலையாகிவிட்டது.

மெனியர் நோய் (உள்காதில் இருக்கும் திரவம் அளவுக்கு மீறித் தேங்குவது) என்றார் டாக்டர். மாத்திரை தொடங்கினோம். உப்பைக் குறைத்தோம். கருவாடு வீட்டுக்குள் வருவது நின்றது. உப்பில்லாத கஞ்சிக்கு நோயே தேவலை என்று முனகிக்கொண்டே அம்மா குடித்தாள். ஆனாலும் சுற்றல் நிற்கவில்லை. முதலில் படகில் போவதை விட்டாள். பிறகு குடோனை. பிறகு கதவைத் தாழிட்டுக் குளிப்பதை.

அப்போதுதான் டாக்டர் ஓர் ஊசியைப் பற்றிச் சொன்னார். செவிப்பறை வழியாகப் போடுவது. அந்தப் பக்கத்துச் சமநிலை உறுப்பை அது செயலிழக்கச் செய்யும்; சுற்றல் அடங்கும். ஆனால் மிச்சமிருக்கும் செவித்திறனையும் அழித்துவிடக்கூடும். அதனால் நன்றாகப் பயன்படும் காதுக்கு அதைப் போடத் தயங்குவார்கள். காது பயன்படுகிறதா என்பதைச் சொல் பரிசோதனை (காதில் ஒலிக்கும் சொற்களைத் திருப்பிச் சொல்வது) காட்டும்.

சொந்தக்காரர்களை எங்கள் பிரிவில் நாங்களே பரிசோதிப்பதில்லை. நான் வராந்தாவில் நின்றேன். உள்ளே போகுமுன் அம்மா சேலைத் தலைப்பை இரண்டு முறை சரிசெய்தாள். அவள் எழுதப் படிக்கத் தெரியாதவள். வாழ்க்கையில் அவளுக்கு இதுதான் முதல் பரீட்சை. பயப்படாதே, வீட்டில் பேசுகிற மாதிரி பேசினால் போதும் என்று சொல்லி அனுப்பினேன்.

இடது காதில் பாதிச் சொற்கள்கூடத் தேறவில்லை. இந்தக் காதைக் காப்பாற்றுவதில் பெரிய பயனில்லை என்றார் டாக்டர். அம்மா யோசிக்கவே இல்லை.

"போற செவி போகட்டும் டாக்டரே. எனக்கு நேரா நிக்கணும்."

எனக்கு ஒன்று உறுத்தியது. வலது காதிலும் சொற்கள் குறைவாகவே தேறியிருந்தன. முன்பு செய்த ஒலிச் சோதனையில் மிக மெல்லிய ஒலியையும் பிடித்த காது அது. ஊசிக்கு முன் இன்னொரு முறை சோதிக்கலாமா, நான் கூட இருந்து கவனிக்க மட்டும் செய்கிறேன் என்று டாக்டரிடம் கெஞ்சினேன். ஒத்துக்கொண்டார்.

மறுநாள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், பரிசோதகர் அருகில், ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் அம்மா, கல்யாணத்துக்குப் போகிற சேலையில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு. பதிவுசெய்த மலையாளச் சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன.

"மழ" என்றது குரல். "மழெ" என்றாள் அம்மா.

"இல." "எலெ."

"ஆன." "ஆனெ."

பரிசோதகர் ஒவ்வொன்றுக்கும் தவறு போட்டார். ஓர் ஒலி மாறினாலும் அந்தச் சொல் தவறு; அதுதான் விதி. அம்மாவுக்குச் சொல்லின் நுனி கேட்கவில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவள் எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டதை எங்கள் வீட்டுத் தமிழுக்கு மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நிறுத்தச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். ஏம்மா, அவர்கள் சொல்கிற மாதிரியே சொன்னால் என்ன என்றேன்.

"நீதானே மோளே வீட்ல பேசற மாதிரி சொல்லச் சொன்னே? மலையாளத்துலயே சொல்லலாம்னா எளுப்பமா இருந்திருக்குமே. மாத்தி மாத்திச் சொல்லி எனக்குத் தலை நோகுது."

பரிசோதகர் சிரித்தார், பிறகு அம்மாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். திரும்பச் சோதித்தபோது இடது காதில் பெரும்பாலான சொற்கள் சரியாக வந்தன. டாக்டர் அந்த ஊசியை விட்டுவிட்டு, செவித்திறனைக் கெடுக்காத வேறோர் ஊசியைப் போட்டார். சமநிலை தேற, தலையை இருபுறமும் திருப்பியபடி நீட்டிய கட்டைவிரலையே பார்க்கும் பயிற்சியை நான் வீட்டில் கற்றுக்கொடுத்தேன்.

இதை வாசிக்கிற உங்கள் வீட்டிலும் யாருக்காவது இந்தச் சோதனை நடக்கலாம். எந்த மொழியில் பதில் சொல்ல வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். முடிவு பொருந்தாததுபோல் தோன்றினால், மறுபடி செய்யச் சொல்லத் தயங்காதீர்கள். என் ஆராய்ச்சியில் பங்குபெற்ற தமிழ்க் குடும்பங்களை நானும் ஒவ்வொன்றாக மறுசோதனைக்குத் திரும்ப அழைத்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா முழுதாகக் குணமாகவில்லை. இரைச்சல் இருக்கிறது. சுற்றல் எப்போதாவது வருகிறது. வருமுன் காது கனக்கும், உடனே இருந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவாள். குடோனுக்குப் போகிறாள், உட்கார்ந்து தரம் பிரிக்கிற வேலைக்கு. யாராவது கூப்பிட்டால், நாளைக்கு வருகிறேன் என்று முன்போல் சொல்வதில்லை. செவி சம்மதித்தால் வருகிறேன் என்கிறாள்.

காலையில் அவள் எழுந்திருக்க நேரமாகும். கண்ணைத் திறந்து கொஞ்சம் காத்திருப்பாள். மெல்லப் புரண்டு உட்காருவாள். பாதத்தைத் தரையில் ஊன்றி, அது நிலையாக இருக்கிறதா என்று பார்ப்பாள். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும். ஆனாலும் நான் அவசரப்படுத்துவதில்லை. அவளுக்கு இடது பக்கம் உட்கார்ந்து, அன்றைக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பேன். பழக்கத்தில் குரல் உயர்ந்துவிடும்.

"கத்தாதேடீ" என்பாள். "கேக்குது."