‘ஒன்ஸெ’ என்றால் யாருடைய கிணறு?

எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு, ஆவூர்ப் பக்கம் கிணறு வெட்ட வந்த டச்சு இன்ஜினீயருக்கு மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்தேன். அவர் பெயர் யான். நம் செய்யுளில் வருகிற அதே ‘யான்’. எங்களுக்குள் பேச்சு ஆங்கிலத்தில். ஜீப்பில் போகும்போதெல்லாம் அவரிடம் டச்சைப் பிடுங்கிக்கொண்டிருப்பேன்.

1. வினைச்சொல்லின் இடம்

டச்சு வாக்கியத்தில் வினை இரண்டாவது இடத்தில் உட்காரும். ‘ஓம்டட்’, அதாவது ‘ஏனென்றால்’, வந்துவிட்டால் எழுந்து கடைசிக்குப் போய்விடும், நம் தமிழ் போலவே. உடைமைச் சொல்லிலும் ‘உன்’னுக்கு ‘யவ்’, மரியாதையான ‘உங்க’வுக்கு ‘ஊவ்’. இவ்வளவுதானா டச்சு என்று நினைத்தேன்.

2. எங்க கெணறு

ஊர்ப் பெண்கள் குடிதண்ணீருக்கு வெகுதூரம் நடந்த கோடை அது. கிணற்றுக்குத் தன் வயலின் மூலையைத் தர ஆரோக்கியமேரியம்மா ஒப்புக்கொண்டிருந்தார். ஊர் கூடியதும் யான் என்னைப் பேசவிடாமல், காதால் கேட்டுப் பழகிய தமிழில் தானே சொன்னார்: “இது எங்க கெணறு. எங்க தண்ணி.”

“ஒங்க கெணறுன்னா எம் மண்ணு எதுக்கு தொரை? ஒங்க ஊருலயே வெட்டிக்கங்க” என்று அந்த அம்மா எழுந்து நடந்துவிட்டார்.

இடம் இல்லையென்றால், பாறையைத் துளைக்கிற கம்ப்ரஸர் வண்டி மறுநாளே பொன்னமராவதிப் பக்கம் போய்விடும். யானுக்கு முகம் விழுந்துபோனது.

“டச்சில் என்ன சொல்ல நினைத்தீர்கள்?” என்றேன்.

“ஒன்ஸெ புட், ஒன்ஸ் வாட்டர்.”

கிணற்றுக்கு ஒன்ஸெ, தண்ணீருக்கு ஒன்ஸ். பெயர்ச்சொல்லின் வகையைப் பொறுத்து வால் மாறுகிறது. கேட்கிற ஆள் உள்ளே இருக்கிறாரா வெளியே நிற்கிறாரா என்பதற்கு மாறுவதில்லை. எங்க, நம்ம இரண்டும் அவர்களுக்கு ஒரே சொல்.

வித்தியாசத்தைச் சொன்னேன். யான் வரப்பில் ஓடி அந்த அம்மாவை மறித்தார். “நம்ம கெணறு” என்றார்.

“நம்ம கெணறா?” அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப நீங்களும் மண்ணு சொமக்கணும். அங்கிட்டு நின்னு கை காட்டிக்கிட்டு இருக்கப்படாது.”

“சொமக்குறேன்.”

மறுநாள் கம்ப்ரஸர் அந்த வயல் மூலையில்தான் இறங்கியது. யானும் கூடை தூக்கினார். தோள் வலி போக நாளாயிற்று.

டச்சு படிக்கிறவர்களுக்கு வினையின் இடம் பழகப் பழக வந்துவிடும். ஒன்ஸெ என்று காதில் விழுந்தால் மட்டும், அதில் நீங்களும் உண்டா என்று கேட்டுவிடுங்கள். உண்டு என்றால் கூடை தூக்க வேண்டியிருக்கும்.