உள்ளதை எழுதின அட்டை

ஒன்பது. இந்த எண்ணை மறந்துடாதீங்க.

ஏழாம் வகுப்பு சயின்ஸ் டீச்சர்கிட்ட நாற்பத்தொரு பிள்ளைங்க. வருஷ ஆரம்பத்துல ஆளுக்கொரு அட்டை கொடுத்தாங்க. "எப்படிப் படிச்சா உன் மண்டையில ஏறும்? உள்ளதை எழுது. இதுக்கு மார்க் கிடையாது."

எழுதுச்சுங்க. படம் போட்டா புரியும். தொட்டுப் பாத்தா புரியும். ஒரு பொண்ணு எழுதினா: 'நடந்துக்கிட்டே சொன்னாதான் ஏறும்.' கரும்பலகைக்கும் ஜன்னலுக்கும் நடுவுல போறதும் வர்றதுமா படிப்பா. வகுப்பே அவளுக்கு ரயில்னு பேரு வெச்சுடுச்சு.

"ரயிலு, எந்த ஸ்டேஷன்?"

"இரைப்பை தாண்டியாச்சு, சிறுகுடல் வரப்போகுது, வழி விடுடா!"

சிரிச்ச வாய்தான். ஒரு மாசத்துல அதுல மூணு பேரு அவ பின்னாடி பெட்டியா ஓடினாங்க. அவனவன் மண்டைக்கு வாசல் வேற வேற பக்கம்னு பிள்ளைங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. டீச்சருக்கு அதுவே போதும்.

பக்கத்து ரூம் கணக்கு டீச்சர் பன்னெண்டு வருஷமா ஒரே டப்பாவுல சாப்பிட்ட சிநேகம். "அந்த அட்டையெல்லாம் கொடுடி, என் வகுப்புலயும் பண்ணிப் பாக்குறேன்."

"எடுத்துக்கங்க அக்கா." ரப்பர் பேண்டோட தூக்கிக் கொடுத்தாங்க.

திங்கக்கிழமை வகுப்புல ஒன்பது இடம் காலி. உடைஞ்ச பெஞ்ச் போட்டு வெச்சிருந்த ரூமுக்கு 'தனிக் கவனப் பிரிவு'ன்னு போர்டு மாட்டி, ஒன்பது பேரையும் அங்க தள்ளியாச்சு. ஹெட்மாஸ்டர் பெரிய சார் மேசையில அட்டைக் கட்டு. ஒன்பது அட்டையில சிவப்புக் கோடு. அது யாரு பேனான்னு டீச்சருக்குத் தெரியாதா?

"என்னக்கா இது?"

"ரிசல்ட் ரிசல்ட்டுன்னு அவரு கழுத்தைப் பிடிக்கிறாருடி. உக்காந்து படிக்க வராதுன்னு அதுங்களே எழுதிக் கொடுத்திருக்கு. நான் என்ன இட்டுக் கட்டியா சொன்னேன்?"

டீச்சர் பெரிய சார்கிட்ட சண்டைக்குப் போனாங்க. அவர் அசையல. "பெத்தவங்க கேட்டா இதைக் காட்டுவேன். பிள்ளையோட கையெழுத்தும்மா."

வராண்டாவுல ரயில் நின்னுட்டிருந்தா. ஒரு அடி நகரல.

"மார்க் கிடையாதுன்னு சொன்னீங்களே டீச்சர்."

காட்டிக் கொடுத்தது அக்கா. பிள்ளை பாத்தது டீச்சர் முகத்தை.

அடுத்த வாரம் மீதி முப்பத்திரண்டு பேருக்கும் புது அட்டை. "இது என் பையை விட்டு வெளிய போகாது"ன்னு சத்தியமே பண்ணாங்க. திரும்பி வந்த எல்லாத்துலயும் ஒரே வரி: 'உக்காந்து படிச்சா புரியும்.' பெட்டியா ஓடின அந்த மூணு பேரும் அதையேதான் எழுதியிருந்தாங்க.

உள்ளதை எழுதின அட்டை: பூஜ்யம்.