மடங்காத காலுக்குக் கிடைத்த நிரை

ஆண்டவர் என் மன்றாட்டைக் கேட்டார். ஆனால் நான் கேட்டபடி கொடுக்கவில்லை. அதைச் சொல்லத்தான் உங்கள் முன்னால் நிற்கிறேன்.

என் பேர் பிலோமினா. கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறவள். குமரியாக இருந்தபோது மழையில் வழுக்கி வலது கணுக்கால் முறிந்தது. வெதமாத்தயா என்று நாங்கள் கூப்பிடும் சிங்கள நாட்டு வைத்தியர் எண்ணெய் போட்டுக் கட்டினார். எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. எழுபத்தெட்டாம் ஆண்டு அடைமழைக் காலத்தில் அந்த மூட்டு முற்றாகத் தேய்ந்துபோனது. காலை ஊன்றினால் உயிர் போய் உயிர் வரும். என் வீட்டுக்காரர் நெஞ்சு நோயால் வேலையை விட்டவர். நான் வேலைக்குப் போகாவிட்டால் வேலைப் பதிவிலிருந்து பேரை வெட்டிவிடுவார்கள். தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பராவும் போய்விடும்.

"என் காலைப் பழையபடி மடங்க வையும்" என்று மாதாவிடம் கேட்டேன். கேட்டேன் என்ன, சண்டையே பிடித்தேன். நான் வாயடக்கமான ஆளில்லை.

கண்டி ஆஸ்பத்திரியில் டாக்டர் சிங்களத்தில் பேசினார், வீட்டுக்காரர் எனக்குச் சொன்னார். எலும்புகளை ஒன்றாக ஒட்ட வைப்பார்களாம். வலி போகும், ஆனால் கணுக்கால் இனி மடங்காது. வெளிநாட்டில் செயற்கை மூட்டு வைத்துப் பார்க்கிறார்களாம். அது சில வருஷத்தில் தளர்ந்துவிடுகிறதாம், மலையேறுகிறவளுக்குச் சரிவராதாம்.

"மடங்காத காலோட எப்பிடிங்க மல ஏறுறது? வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்று அழுதேன்.

"இப்ப மட்டும் ஏறிக்கிட்டா இருக்க? வலியாச்சும் போகட்டும் புள்ள" என்றார் அவர்.

ஜெபமாலையைக் கையில் எடுத்தேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக எதுவும் கேட்கவில்லை. "எனக்கு ஒன்னுந் தெரியல சாமி, நீரே பாத்துக்கிரும்" என்று மட்டும் சொன்னேன்.

ஆபரேஷனுக்குச் சம்மதித்தேன். சில மாதம் கழித்து மாவுக்கட்டுப் பிரித்தபோது வலி இல்லை. உண்மையாகவே இல்லை! ஆனால் வேலைக்குத் திரும்பிய அன்றே, ஏற்றத்தில் கால் வளைந்து கொடுக்காமல் கூடையோடு உட்கார்ந்துவிட்டேன். "இனி தொரைகிட்ட சொல்லத்தான் வேணும்" என்றார் எங்களை வேலை வாங்கும் கங்காணி. தோட்டத்துத் தொரை காதுக்குப் போனால் பேர் வெட்டுத்தான். பாதி வழியில் விட்டுவிட்டீரே ஆண்டவரே என்று மனம் உடைந்தது.

ரோட்டோரச் சமதரையில் இருக்கும் தேயிலைச் செடி நிரையைப் பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கொடுப்பது எங்கள் தோட்டத்து வழக்கம். அன்று அதில் நின்றவள் செல்லம்மா. பக்கத்து லயத்துக்காரி, மாரியம்மனைக் கும்பிடுகிறவள், நிறைமாதம்.

அவள் அங்கிருந்தே சத்தம் போட்டாள். "கங்காணி, அக்காவ இங்க விடுங்க! எனக்குப் புள்ள பொறந்தா வயிறு எறங்கிரும். அக்காவுக்குக் கால் மடங்கவா போகுது?"

"அது புள்ளத்தாச்சி நிரை."

"அப்ப அக்காவ ஆயுசுக்கும் புள்ளத்தாச்சின்னு வச்சுக்கங்க!"

எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். கங்காணியும் சிரித்துவிட்டு, சரி என்று கையைக் காட்டினார். செல்லம்மா மூச்சு வாங்க மேல் நிரைக்கு ஏறினாள். நான் அவள் விட்ட இடத்தில் நின்று, கண்ணீர் வழிய வழியப் பறித்தேன். இன்றைக்கும் அந்த நிரை எனக்குத்தான். பேரை யாரும் வெட்டவில்லை.

சகோதரங்களே, நோயில் கிடந்து மன்றாடுகிறவர்களே, கேட்டது கேட்டபடி வரவில்லையென்று எழுந்து போய்விடாதீர்கள். எனக்கு வந்த பதில் வேறு சாமி கும்பிடுகிறவளின் வாயிலிருந்து வந்தது. அந்த வாரமே அவளுக்கு மகள் பிறந்தாள். இப்போது நான் ஜெபம் செய்ய நின்றால் என் காலைப் பற்றிப் பேசுவதில்லை. முதலில் அந்தப் பிள்ளையின் பேரைத்தான் சொல்கிறேன்.