ஏழாம் வகுப்பு, 2019–20

திண்டிவனம் ரயிலடிக்கு அருகே மீன் விற்கும் காந்திமதிக்குச் சொந்த ஊர் மரக்காணம் பக்கத்துக் கடற்கரைக் குப்பம். கணவர் சேரன் இன்னும் அங்கேதான் படகுக்குப் போகிறார். மகள் பிரபாவதியைப் படிக்க வைப்பதற்காகக் காந்திமதி மட்டும் திண்டிவனத்தில் வாடகைக்குக் குடிவந்தார்.

பிரபாவதி ஆறாம் வகுப்பு படித்தது நான் எழுத்தராக இருந்த அரசுப் பள்ளியில். 2019 மே 31 அன்று காந்திமதி மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தார். இங்கிலீஷ் மீடியம் தனியார் பள்ளியில் சேர்க்கப் போவதாகச் சொன்னார். அவரோடு மீன் விற்கும் ஜெயமும் கூட வந்திருந்தார்.

"உனுக்கு வந்த வாழ்வப் பாருடி. இனிமே உம் பொண்ணு எங்களான்ட தமிழ்ல பேசுவாளா?" என்று ஜெயம் சிரித்தார். அவர் மகள் அருணாவும் அதே வகுப்புதான். அவளைச் சேர்க்க ஜெயத்திடம் பணமில்லை.

ஜூன் 3 அன்று சேர்ந்த பிரபாவதி, கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடும்வரை, அதாவது 2020 மார்ச் 16 வரை, அங்கே படித்தாள். ஒன்பது மாதம் பதினான்கு நாள். மீன் வியாபாரம் நின்றுபோனதும் கட்டணம் கட்ட முடியவில்லை. செப்டம்பர் 7 அன்று எட்டாம் வகுப்புக்கு எங்களிடமே திரும்பி வந்தாள். போனது, திரும்பி வந்தது, இரண்டு பதிவுகளும் என் கையெழுத்து.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் தனி ஒதுக்கீடு, கல்லூரிக்கும் விடுதிக்கும் அரசே பணம் கட்டும் என்ற சட்டம் 2021இல்தான் வந்தது. 2019இல் அது யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

2025 மே மாதம் பிரபாவதியின் கட்ஆப் 148. அருணாவுக்கு 141.5. நான் ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகியும் காந்திமதி என் வீட்டுக்கு வந்தார்.

"அந்த ஒரு வருசம் ஒடம்பு சரியில்லாம ஊட்ல இருந்துகினு இருந்தான்னு ஸ்கூல்ல சொல்லி மாத்திக் குடுங்க சார். நீங்க சொன்னா கேப்பாங்க."

"கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சும்மா."

"ஏறலன்னா செஞ்சிருப்பீங்களா?"

மாட்டேன் என்றேன்.

"நல்லா இருங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு மகளோடு விழுப்புரம் கல்வி அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். அங்கே இருந்தவர், "ஃபீஸ் கட்டிப் படிக்க வச்சீங்கல்ல? அப்ப வசதியானவங்கதான?" என்று கேட்டாராம்.

"வசதியா? வஞ்சரமா வித்தேன்? மத்தி வித்துக் கட்டுனேன் சார்."

கட்டாயக் கல்விச் சட்டத்தில் இலவசமாக அந்தத் தனியார் பள்ளியில் படித்திருந்தால் ஒதுக்கீடு உண்டு என்று அந்த அலுவலர் விளக்கினாராம். காசு கட்டியதுதான் பிழை.

அரசுக் கல்லூரிகளில் பிரபாவதி கேட்ட கணினிப் பிரிவு அவள் முறை வருமுன் தீர்ந்துவிட்டது. ஒரு தனியார் பல்கலைக்கழகத்திலிருந்து பிரவீன்குமார் என்பவர் வீட்டுக்கே வந்தார். மெரிட் ஸ்காலர்ஷிப், பாதிக் கட்டணம் தள்ளுபடி என்றார். பிரபாவதி தாளின் பின்பக்கத்தைப் படித்தாள். வருடாவருடம் பத்துக்கு எட்டரைக்குக் குறையாத மதிப்பெண் புள்ளி வேண்டும்.

"வரலன்னா?"

"ஏம்மா வராது?"

"வரலன்னா முழுசும் கட்டணுமா?"

அவர் தண்ணீர் கேட்டார்.

"மீதிக்கு லோன் போட்டுக்கலாம்டி" என்றார் காந்திமதி.

"யாரு கட்றது? நீயா? உனுக்கு இப்பவே கூடை தூக்க முடியல. வேணாம்மா."

திண்டிவனம் அரசு கலைக் கல்லூரியில் கணிதம் எடுத்தாள். ஒரு ரூபாய் கடனில்லை. கல்லூரி மாணவிகளுக்கு அரசு தரும் மாதம் ஆயிரமும் இல்லை. அதற்கும் அந்த ஏழாம் வகுப்பு குறுக்கே நின்றது.

அருணாவுக்கு அந்த ஒதுக்கீட்டில் சென்னையில் கணினிப் பொறியியல் கிடைத்தது. ஜெயம் லட்டு நீட்டியபோது காந்திமதி செதில் படிந்த கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, "நல்லா படிக்கட்டும்" என்றார்.

நான் இப்போதும் அவரிடம்தான் மீன் வாங்குகிறேன். எடை சரியாக இருக்கும். என் முகத்தைத்தான் அவர் பார்ப்பதில்லை.