மூன்று பாட்டு நேரம்

பேக்கரியில் எல்லாரும் அவனைப் பாட்டுக்காரன் என்றுதான் கூப்பிட்டார்கள். அடுப்பில் நேரம் சொல்லும் மணி பழுதாகி ஆறு வருடம் ஆகிறது. சரிசெய்யத் தேவையே வரவில்லை. பன் தட்டுகளை உள்ளே தள்ளிவிட்டுப் பாடத் தொடங்குவான். மூன்று தடவை பாடி முடித்தால் பன் பொன்னிறம். பாட்டின் நடு அடிகளை மட்டும் பொட்டலம் கட்டும் மேசையிலிருந்து அவன் காதலி பாடுவாள். ஆறு வருடமும் அப்படித்தான்.

போன வாரம் அவள் வேறொருவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். "சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றாள், கடைசிவரை சொல்லாமலே இருந்துவிட்டு.

அவன் இரண்டு பங்கையும் தானே பாடினான். குரலில் பிசிறில்லை. ஆனால் துக்கம் பாட்டைப் பிடித்து இழுத்தது. மூன்றாம் சுற்று முடிவதற்குள் எட்டுத் தட்டும் கரி.

கடை அவனுடைய அக்காவுடையது. இடுப்பில் கை வைத்தபடி வந்து நின்றாள்.

"ஏண்டா, உன் மனசு கருகினது போதாதா? பன்னும் கருகணுமா?"

"கவனிக்கலக்கா."

"நாளைக்கும் இப்படின்னா அடுப்ப விட்டுடு. பொட்டலம் கட்டு. இந்தா, கடிகாரம்."

விட்டுப் போனவள் நின்ற இடத்தில் போய் நிற்பதா? அவன் கடிகாரத்தை வாங்கிக்கொண்டான்.

மீதி நாளைக் கடிகாரத்தோடு ஓட்டினான். முள்ளைப் பார்த்தால் கை நின்றது. கையைப் பார்த்தால் முள் ஓடியது. பாதி வேகவில்லை, பாதி தீய்ந்தது.

சாயங்காலம் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து, பொட்டலத் தாளில் எழுதினான். மெட்டு பழையதுதான். சொற்களைச் சின்னதாக வைத்தான், இழுக்க இடம் தராதபடி.

*நீ போன காலையிலும் மாவு பொங்கிச்சு*
*என்னை ஒரு வார்த்தை கேக்காமலே*

இரண்டாவது வரியில் அழுகை வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, விரலால் தாளம் போட்டுச் சரிபார்த்தான். அவள் பாடும் அடிகளுக்கு மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

காலையில் தட்டுகள் உள்ளே போயின. பாடினான். நடுவில் நிறுத்தி, தாளம் மட்டும் தட்டினான்.

"என்னடா, பாதில நின்னுட்ட?" பொட்டல மேசையிலிருந்து அக்கா பதறினாள்.

"அது அவ பாடுற இடம்க்கா. வார்த்த இன்னும் எழுதல."

அடுத்த சுற்றில் அந்த இடம் வந்ததும், தகர டப்பா உருண்ட மாதிரி அக்காவின் குரல் எழுந்தது: "லா… லலலா…"

அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்ததில் நாலு தாளம் போயிற்று. பன் லேசாகச் சிவந்துவிட்டது.

அக்கா ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டாள். கடிகாரத்தை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தாள்.

"அடுத்த தட்ட வைடா. என் பாட்டுக்குச் சிரிக்காம பாடு."