நடுக்கட்டத்துப் பேர்

என் மகளின் பிறப்புப் பதிவுப் படிவம் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. அரசாங்கம் ஏற்றுக்கொண்ட படிவம் அல்ல. ஏற்காமல் திருப்பி அனுப்பியது. முதற்பேர், நடுப்பேர், கடைசிப்பேர் என்று மூன்று கட்டங்கள். முதலாவதிலும் மூன்றாவதிலும் பென்சில் எழுத்து மங்கிக் கிடக்கிறது. நடுக்கட்டம் வெறுமை. அழிறப்பர் தேய்த்துத் தேய்த்து அந்த இடத்தில் தாள் மெலிந்து போயிருக்கிறது. அப்படித் தேய்த்தவள் நான்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவில், ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடியில் இரண்டு அறை அப்பார்ட்மென்ற். நானும் கணவரும் ஓர் அறை, என் மச்சாள் மற்ற அறை. மச்சாள் என் கணவரின் ஒரே அக்கா. தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்தவர், கனடாவுக்கு முதலில் வந்து தம்பியைக் கூப்பிட்டவர், பிறகு என்னையும் விமான நிலையத்தில் ஒரு தடித்த ஜக்கெற்றோடு வந்து ஏற்றிப்போனவர். கலியாணம் கட்டியவர், பிள்ளை இல்லை. பன்னிரண்டு வருடத்தில் புருஷனும் செத்துவிட்டார். பிளாஸ்ரிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் பின்னேர ஷிஃப்ற். அங்கே பேர் நீளம் என்று அவரை எல்லோரும் 'லேடி' என்றார்களாம். வீட்டில் தம்பிக்கு அக்கா, எனக்கு மச்சாள். பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் எல்லோரும் செத்துப் போனார்கள். மூத்தவரின் பேரை வாயால் சொல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லை. கடிதங்களில் பார்த்துத்தான் எனக்கே அந்தப் பேர் தெரியும்.

அந்தக் காலத்தில் ஸ்காபரோவில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகளின் பேர்களை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும். எண் சாத்திரம் பார்த்து, ஷவும் ஜவும் கலந்து, ஒருவரிடமும் இல்லாத பேராக இருக்க வேண்டும் என்று ஒரே ஓட்டம். கடைசியில் எல்லாப் பேரும் ஒன்றுபோலவே கேட்டன. எனக்கோ பழைய பேர்தான் வேண்டும். நாலு பேர் சொல்லிச் சொல்லி மெருகேறிய பேர். பெண் பிள்ளை என்று தெரிந்த அன்றே திலகவதி என்று முடிவு கட்டினேன்.

"உது கிழவிப் பேரெல்லே?" என்றார் கணவர்.

"எங்கட பிள்ளையும் ஒருநாள் கிழவியாகத்தானே போறாள். அப்ப பொருந்தும்" என்றேன்.

ஆனால் நடுக்கட்டத்துக்கு அவரிடம் ஒரு பேர் இருந்தது. தயங்கித் தயங்கித்தான் கேட்டார். அக்காவின் பேரை வைப்போமா, அவவுக்குப் பிறகு அந்தப் பேரைக் கொண்டுபோக ஒருத்தரும் இல்லையே என்றார். எனக்கும் சந்தோஷம்தான். ஆஸ்பத்திரியில் தந்த படிவத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன். பென்சிலுக்குக் காரணம் உண்டு. முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழியாமல் எங்கள் வீடுகளில் பேரை நிச்சயிப்பதில்லை. அரசாங்கமோ அதற்கு முன்பே கேட்டது. இரண்டு பக்கத்தையும் சமாளிக்கப் பென்சில்தான் சரி என்று நானே கண்டுபிடித்தேன். அப்போது என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இருபதாம் நாள் போல எட்டாம் மாடி அன்ரி பிள்ளை பார்க்க வந்தார். மேசையில் கிடந்த படிவத்தைப் படித்தார். "பிள்ளை இல்லாதவவின்ர பேரையோ வைக்கிறியள்? முதல் ஒண்டு தங்கேல்லை உனக்கு. யோசிச்சுச் செய் பிள்ளை" என்றார். குசினியில் மச்சாள் எனக்காகப் பத்தியக் கறிக்குக் காயச்சரக்கு அரைத்துக்கொண்டிருந்தார். கிரைண்டர் சத்தம் நின்றது. அன்ரி போகும்வரை திரும்பத் தொடங்கவில்லை.

பிறகு மச்சாள் ஈரக்கையைத் துடைத்தபடி வந்தார். "என்ர பேர் வேண்டாம் பிள்ளை. அவ சொல்லுறதிலயும் பிழை இல்லை" என்றார். 'அப்படிச் சொல்லாதையுங்கோ மச்சாள்' என்று நான் பாய்ந்திருக்க வேண்டும். நான் தொட்டிலைத்தான் பார்த்தேன். நாலாம் மாதத்தில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள் நான். தொட்டிலில் கிடந்தவள் மூச்சு விடுகிறாளா என்று மணிக்கொரு தரம் விரல் வைத்துப் பார்ப்பவள். எனக்குப் பயம். மச்சாள் வேலைக்குப் போனதும் அழித்தேன். வெட்கம் கெட்ட வேலை. அன்றே தெரிந்துதான் செய்தேன். அடுத்த நாள் அந்தப் படிவத்தை உறையிலிட்டு, முத்திரை ஒட்டி, தபாலில் போட்டவர் மச்சாளேதான். நடுக்கட்டத்தை அவர் பார்க்காமல் இருந்திருக்க வழியே இல்லை. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. எனக்குத்தான் கிழமைக்கணக்காக அவரோடு நிமிர்ந்து கதைக்க முடியவில்லை.

துடக்குக் கழிந்து சில நாளில், ஒரு மத்தியானம், அரசாங்க உறை ஒன்று வந்தது. அகதியாக வந்தவர்களுக்கு அந்த உறையைக் கண்டால் கெட்டதுதான் நினைவு வரும். பிள்ளையைப் பதியமாட்டோம் என்கிறார்களோ, எங்கள் கேஸில் ஏதும் பிசகோ என்று பிரிக்காமலே வைத்திருந்தேன். மச்சாள்தான் வாங்கிப் படித்தார். ஒருமுறை படித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"பென்சிலால எழுதினது செல்லாதாம். பேனையால எழுதட்டாம். புதுப் படிவமும் வைச்சிருக்கினம்."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். எத்தனை நாளாக நெஞ்சில் கிடந்த பாரம்! எத்தனையோ தரம் நான் குறைசொன்ன இந்த நாட்டு அலுவலகம், நான் செய்த பிழையைத் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தது.

மச்சாள் பழைய படிவத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பென்சில் அழுத்திய தடம் நடுக்கட்டத்தில் அப்படியே இருந்தது. "நல்லாத்தான் தேய்ச்சிருக்கிறாய். எண்டாலும் தெரியுது" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைச் சுட்டது.

புதுப் படிவத்தை எடுத்தேன். முதற்கட்டத்தை விட்டு நடுக்கட்டத்தைத்தான் முதலில் நிரப்பினேன், பேனையால்.

"உனக்குப் பயமில்லையோ?"

"இருக்குது மச்சாள். இந்தப் பேரை எழுதாமல் விட்டாலும் இருக்கும். பயம் பிள்ளையோட வந்தது."

அவர் பிள்ளையைத் தூக்கி முகத்தை அவள் கழுத்துக்குள் வைத்துக்கொண்டார். வெகுநேரம் நிமிரவில்லை. அன்றுதான் முதல்முறையாக ஷிஃப்றுக்குப் பிந்திப் போனார்.

திலகவதிக்கு ஒன்றும் ஆகவில்லை. சளி வந்தது, சொத்தைப்பல் வந்தது, கணக்கில் குறைந்த புள்ளி வந்தது, கார் லைசென்ஸ் மூன்றாம் தடவையில் வந்தது. இப்போது ஸ்ரௌவ்வில்லில் எங்களுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. போன கிழமை ஏதோ பத்திரம் தேடி வந்தவள் என் கோப்பைக் கிளறி இந்தப் படிவத்தை எடுத்தாள்.

"அம்மா, வை டிட் யூ இரேஸ் இட்?"

"பயத்தில" என்றேன். முழுக்கதையும் சொன்னேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு சொல்லச் சொல்ல நெஞ்சு லேசானது.

அவள் தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள், மச்சாள் அன்று பிடித்தது போலவே. கண்ணைச் சுருக்கி, மெலிந்துபோன அந்தக் கட்டத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தடவி, உரக்கப் படித்தாள்.

"நா-க-ரத்-தி-னம்."

பக்கத்து அறையில் மச்சாளின் கட்டில் சத்தம் கேட்டது. தொண்ணூறு வயதை எட்டிக்கொண்டிருக்கும் குரல், ஆனாலும் ஒரு சின்னப் பெட்டையின் அவசரத்தோடு பதில் கொடுத்தது.

"ஓம், வாறன்! ஆர் கூப்பிட்டது?"